கார்னிவல் கிளாஸ் வாங்குகிறவர்களே, கேட்டலாக் தாளைக் காட்டினால் நம்பாதீர்கள்: 640 டாலர் போச்சு

முழுசாக 640 டாலர். நேற்று ராத்திரிதான் விஷயம் தெரிந்தது, கொதிப்பு இன்னும் அடங்கவில்லை. ஒஹாயோவில் ஆற்றோர ஊர் ஒன்றின் பழம்பொருள் கடை. கார்டு வங்கியில் புகார் கொடுத்திருப்பதால் பெயரைப் போடவில்லை.

கார்னிவல் கிளாஸ் என்றால் மேலே வானவில் மாதிரி மினுக்கு ஏற்றிய கண்ணாடிச் சாமான். நான் வாங்கியது கத்தரிப்பூ நிறக் கிண்ணம், பெர்ஷியன் மெடாலியன் வடிவம், மேலே மயில்கழுத்து மினுமினுப்பு. 1910 வாக்கில் ஃபென்டன் என்ற அமெரிக்கக் கண்ணாடிக் கம்பெனி செய்தது என்றார் கடைக்காரர். விலையைக் கேட்டு நான் தயங்கியதும் உள்ளே போய், பிளாஸ்டிக் உறையில் ஒரு தாளை எடுத்துவந்தார். பட்லர் பிரதர்ஸ் மொத்த வியாபாரக் கேட்டலாக்கின் பக்கம். அந்தக் காலத்தில் சிற்றூர்க் கடைக்காரர்கள் அதைப் பார்த்துத்தான் டஜன் விலையில், பீப்பாய் பீப்பாயாகக் கண்ணாடிச் சாமான் தருவித்தார்கள். படத்தில் இருந்த அதே கிண்ணம் என் கையில். "இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்?" என்றார். கார்டை நீட்டினேன்.

நேற்று, பல வருஷமாகச் சேகரிக்கும் அண்ணன் ஒருவர் வந்திருந்தார். கிண்ணத்தை விளக்கடியில் சாய்த்து, உள்ளே நடுவில் தடவிப் பார்க்கச் சொன்னார். கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு இடம் மட்டும் லேசாகக் குழிந்து மழமழவென்று இருந்தது. அங்கே மினுமினுப்பே இல்லை. சூடான கண்ணாடிமேல் உலோக உப்புக் கரைசலைத் தெளித்து வரவழைக்கும் மினுக்கு அது, அரைத்தால் போய்விடும். பழைய ஃபென்டன் சாமானில் முத்திரை கிடையாது. 1970-ல் மறுபடி கார்னிவல் செய்ய ஆரம்பித்தபோதுதான் நீள்வட்டத்துக்குள் பெயரைப் பொறித்தார்கள். அந்த முத்திரையை அரைத்து எடுத்துவிட்டு என் தலையில் கட்டியிருக்கிறார்கள், 640 டாலருக்கு!

தாளும் ஜெராக்ஸ்தான், ஓரத்தில் டீ நிறச் சாயம். அசலாகவே இருந்தாலும் என்ன? அது அந்த வடிவம் அன்று விற்றதைத்தான் காட்டும், இந்தக் கிண்ணம் அன்று செய்தது என்று காட்டாது. அந்தக் கேட்டலாக்குகளில் பெரும்பாலும் யார் செய்தது என்ற பெயர்கூட இருக்காது.

காலையிலிருந்து போன் போடுகிறேன். முதலில் "முதலாளி வெளியூர்". அப்புறம் "நீங்களே தேய்த்திருப்பீர்கள்". கடைசியில் முதலாளியே எடுத்து, "ரசீதைப் படியுங்கள், உள்ளது உள்ளபடி விற்றது" என்று வைத்துவிட்டார். பாதியாவது கொடுங்கள் என்று சொல்லக்கூட விடவில்லை.

எப்படிச் சோதிப்பது என்று விரிவாக எழுத நினைத்தேன், கை ஓடவில்லை. உள்நடுவையும் அடியையும் விரலால் தடவுங்கள். மினுக்கு விட்டுப்போன இடம் இருந்தால் வாங்காதீர்கள். செய்த காலத்தை ரசீதில் எழுதி வாங்குங்கள், மறுத்தால் வெளியே வந்துவிடுங்கள். காசாகக் கொடுக்கவே கொடுக்காதீர்கள்.