சுகாதார நிலைய மருந்தகமா, தெருமுனை மருந்துக்கடையா?

‘சும்மா கொடுக்கிற மாத்திரை கேட்குமா?’ என்று நம் கிராமங்களில் இன்னும் கேட்கிறார்கள். தரப் பரிசோதனையில் ஒரு படி கூடுதலாக இருப்பது அந்தச் சும்மா கொடுக்கும் மாத்திரைக்குத்தான். ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு மருந்து வாங்கித் தரும் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், ஒவ்வொரு தயாரிப்புத் தொகுதியிலும் (பேட்ச்) மாதிரி எடுத்து, தயாரித்த நிறுவனத்தின் பெயரை மறைத்து ஆய்வகத்துக்கு அனுப்புகிறது. தேறினால்தான் விநியோகம். கடை மருந்தையும் தயாரிப்பாளர் சோதித்தே அனுப்புகிறார். அதற்குமேல் மருந்து ஆய்வாளர் மாதிரி எடுத்தால்தான் உண்டு.

ஆனால் கையில் வாங்கும்போது கதை மாறலாம். சுகாதார நிலையக் கூட்ட நெரிசலில் மாத்திரை அட்டையைக் கத்தரித்துக் கொடுத்தால் மருந்தின் பெயரும் காலாவதித் தேதியும் துண்டுபட்டுப் போகும். கடையில் முழு அட்டையும் ரசீதும் கேட்டு வாங்கலாம். ரசீதில் தொகுதி எண் இருக்கும். இரவு எட்டு மணிக்குக் காய்ச்சல் வந்தாலும் பல ஊர்களில் கடைதான் கதி.

கடையின் பெரிய குறை வேறு. மருந்தாளுநரின் சான்றிதழ் சுவரில் தொங்கும், ஆளைக் காணோம் என்ற நிலை பல ஊர்களில் உண்டு. அவர் மேற்பார்வையில்தான் மருந்து தர வேண்டும் என்பது 1945ஆம் ஆண்டு மருந்து விதிகளில் உள்ளது. சீட்டில்லாமல் ஆன்டிபயாடிக் கொடுப்பது இந்த இடைவெளியில்தான் நடக்கிறது.

திறக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் வைக்க வேண்டும். இதில் மட்டும் எந்தப் பக்கமும் சாய மாட்டேன்: மின்வெட்டின்போது குளிர்பெட்டிக்கு மாற்று மின்சாரம் இருக்கும் இடத்தில் வாங்குங்கள்.