காரைக்குடிப் பக்கத்து முதியோர் இல்லம்: உடலுக்குக் குறைவில்லை, மனத்தைப் பார்க்க ஆளில்லை

காரைக்குடிக்கு அருகில் பழைய செட்டிநாட்டு வீடு ஒன்றைச் சீரமைத்து நடத்தப்படும் முதியோர் இல்லத்தில் எங்கள் அத்தை ஓராண்டுக்கு மேலாகத் தங்கியிருக்கிறார். நான் சொல்லப்போகும் குறை வேறு இல்லங்களிலும் இருக்கக்கூடியது என்பதால் பெயரைத் தவிர்க்கிறேன். வளவை, அதாவது நடுமுற்றத்தை, சுற்றியுள்ள அறைகள் காற்றோட்டமானவை. குளியலறையில் கைப்பிடியும் வழுக்காத தரையும் உண்டு. வெள்ளைப் பணியாரமும் துவையலும் வீட்டுப் பக்குவத்திலேயே வருகின்றன. ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் தவறாமல் பார்த்துக் குறித்து வைக்கிறார்கள்.

அந்தக் குறிப்பேட்டில் மனநிலைக்கென்று ஒரு வரிகூட இல்லை. வட்டிக் கணக்கை வாயாலேயே போட்டுச் சொல்லும் அத்தை, சேர்ந்த சில மாதங்களில் பேச்சைக் குறைத்து, தட்டில் பாதியை அப்படியே வைத்துவிட்டு, விடியலுக்கு வெகு முன்பே விழித்து உட்கார்ந்திருக்கத் தொடங்கினார். "ஆச்சிக்கு வயசாயிடுச்சுல்ல, ஞாபகம் தப்புது" என்பதுதான் பணியாளர்கள் அதற்குச் சொன்ன விளக்கம். அவர்கள் அன்பில்லாதவர்கள் அல்லர். கூச்சல் போடுபவரிடம் ஓடுகிறார்கள், அமைதியாக ஒடுங்கிப்போகிறவர் கண்ணில் படுவதில்லை.

வெளியே மனநல மருத்துவரிடம் அழைத்துச் சென்றபோது, கிழமை, மாதம், ஊர் என்று எதைக் கேட்டாலும் அத்தை யோசித்துக்கூடப் பார்க்காமல் "தெரியலை" என்றார். மறதிநோய் தொடங்கியவர்கள் பெரும்பாலும் முயன்று தவறான விடையைச் சொல்வார்கள் அல்லது பேச்சை மாற்றி மழுப்புவார்கள் என்றும், முயலாமலேயே கைவிடுவது மனச்சோர்வில் அதிகம் காணப்படுவது என்றும் மருத்துவர் விளக்கினார். தைராய்டு சுரப்போ பி12 வைட்டமினோ குறைந்தாலும் நினைவு மங்கும் என்பதால் அவற்றுக்கும் ரத்தப் பரிசோதனை எழுதினார். கூடவே காதுக்கருவியைக் கழற்றிப் பார்த்தார். பேட்டரி தீர்ந்து போயிருந்தது. எத்தனை நாளாக அப்படி இருக்கிறது என்று இல்லத்தில் ஒருவருக்கும் தெரியவில்லை.

மனச்சோர்வுக்கு மாத்திரை தொடங்கிச் சில வாரங்களில் பசியும் தூக்கமும் திரும்பின. இப்போது மாலையில் பணிப்பெண் ஒருவருடன் தாயம் ஆடுகிறார். எதிராளியின் காயை வெட்டக் கணக்குப் போடுவதில் பழைய கூர்மை தெரிகிறது. பெயர்களில் தடுமாற்றம் மட்டும் போகவில்லை. முதுமையில் முதன்முறையாக வரும் மனச்சோர்வு சிலருக்கு மறதிநோயின் முன்னறிகுறியாகவும் இருக்கலாம் என்பதால், இடைவெளி விட்டு மீண்டும் சோதிக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

இல்லம் இதில் செய்ய வேண்டியதற்குப் பெரிய செலவில்லை. முதியோர் மனச்சோர்வு அளவுகோலின் சுருக்க வடிவம் 1986-லேயே வந்துவிட்டது: 15 கேள்விகள், ஆம் அல்லது இல்லை என்ற விடை, சில நிமிட வேலை. மறதி முற்றியவர்களுக்கு அது பொருந்தாது, நோயை உறுதிசெய்யவும் போதாது. ஆனால் யாரை மருத்துவரிடம் அனுப்ப வேண்டும் என்று காட்டிவிடும். பிற்பகலிலிருந்து இரவுச் சாப்பாடு வரை தொலைக்காட்சித் தொடர்களைத் தவிர வேறொன்றும் இல்லாத நிலையையும் மாற்ற வேண்டும். நகரத்தார் கொண்டாடும் பிள்ளையார் நோன்புக்கு இழை (நூல் திரியிட்ட மாவு விளக்கு) எடுத்த அன்று, தொலைக்காட்சி ஓடும் அதே கூடத்தில், மற்ற நாட்களில் வாய் திறக்காதவர்கள்கூடச் சடங்கு முறையைச் சொல்லித் திருத்திக்கொண்டிருந்தார்கள்.

உடல் பராமரிப்பு மட்டும் போதும் என்பவர்களுக்குத் தாராளமாகப் பரிந்துரைப்பேன். பிள்ளைகள் சிங்கப்பூரிலோ சென்னையிலோ இருந்து, அடிக்கடி வந்து பார்க்க உறவினர் இல்லாதவர்கள், மனநலப் பரிசோதனை எத்தனை மாதத்துக்கு ஒருமுறை நடக்கும், காதுக்கருவியின் பேட்டரியை யார் மாற்றுவார் என்ற இரண்டையும் முன்பணம் கட்டுவதற்கு முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.