‘லைஃப்டைம் கீ’ என்று சிங்க் சாஃப்ட்வேர் விற்கிறார்களா? பணம் போடுமுன் இதைப் படியுங்கள்

பினாங்கில் கல்யாண வீடியோ எடுக்கும் தம்பிமார்களுக்காக எழுதுகிறேன். 280 வெள்ளி (ரிங்கிட்) போச்சு, அது போகட்டும். ஒரு வீட்டுக் கல்யாண வீடியோவைப் பதினோரு நாள் தாமதமாகக் கொடுத்தேன். அதுதான் இன்னும் உறுத்துகிறது.

நம்ம வேலை தெரியும்தானே. மூன்று கேமரா, குருக்கள் பக்கத்தில் ஒரு சின்ன ரெக்கார்டர். கேமராவில் பதியும் சத்தம் அடையாளத்துக்கு மட்டும். கடைசியில் வீட்டார் கேட்பது ரெக்கார்டரின் சத்தம். இரண்டின் அலைவடிவத்தையும் ஒப்பிட்டுத் தானாகவே பொருத்தித் தரும் சிங்க் சாஃப்ட்வேர்களில் பேர்போனது புளூரல்ஐஸ். சிங்குலர் சாஃப்ட்வேர் உருவாக்கியது, 2012இல் ரெட் ஜயன்ட் வாங்கியது, பிறகு மாக்சன் கைக்குப் போனது. மாக்சன் அதை மேற்கொண்டு வளர்ப்பதை நிறுத்திவிட்டது. அது எனக்குத் தெரியாது. விற்றவனுக்கு நன்றாகவே தெரிந்திருக்க வேண்டும்.

ஒரு டெலிகிராம் குழுவில் அதற்கு விளம்பரம் வந்தது. ‘லைஃப்டைம் கீ, அப்டேட் இலவசம்.’ பேசினால் நல்ல தமிழ்ப் பையன், வார்த்தைக்கு வார்த்தை ‘அண்ணே’. போனிலேயே பணம் அனுப்பும் டூயிட்நவ்வில் அனுப்பப் போனால் வேறொருவர் பெயர் வருகிறது. கேட்டேன். “எங்க மாமா அக்கவுண்டுண்ணே, என் கார்டு ரிப்பேர்” என்றான். அந்த இடத்திலேயே போனை வைத்திருக்க வேண்டும். வைக்கவில்லை. பிறகு என் கம்ப்யூட்டருக்குள் தூரத்திலிருந்தே நுழைந்து அவனே போட்டுக்கொடுத்தான். ஆன்ட்டிவைரஸ் கத்தியது. “அது சும்மா கத்தும்ணே, ஆஃப் பண்ணிடுங்க.” ஆஃப் பண்ணினேன். படித்தவன்தான் நான்.

முதல் இரண்டு வேலை ஒழுங்காக ஓடியது. மூன்றாவது, குவீன் ஸ்திரீட் மகாமாரியம்மன் கோயிலில் காலை முகூர்த்தம். எல்லா கிளிப்பும் பொருந்திவிட்டதாகத் திரையில் பச்சையாகக் காட்டியது. நானும் நம்பி எடிட்டை முடித்துவிட்டேன். என் மனைவிதான் பார்த்துவிட்டுச் சொன்னாள்: “தவில்காரர் குச்சி தோல்ல பட்டு மேல எழும்பின பிறகுதான் சத்தம் வருது.” ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்திப் பார்த்தேன். சரியாக ஆறு ஃபிரேம். மாப்பிள்ளை முடிச்சுப் போடுகிறார், கெட்டிமேளம் பின்னால் ஓடி வருகிறது.

காரணம் மாயமில்லை. கேமராவுக்கு ஒரு கடிகாரம், ரெக்கார்டருக்கு ஒரு கடிகாரம். இரண்டும் ஒரே வேகத்தில் ஓடாது. இருபதாயிரத்தில் ஒரு பங்கு வித்தியாசம் இருந்தாலே ஒரு மணி நேரத்தில் 0.18 விநாடி விலகும். விநாடிக்கு 25 ஃபிரேம் கணக்கில் அது நாலரை ஃபிரேம். ரெக்கார்டரை நான் ஓடவிட்டு எண்பது நிமிடம் கழித்துத்தான் தாலி கட்டினார்கள். ஆக ஆறு ஃபிரேம், கணக்குச் சரி. ஒழுங்கான சாஃப்ட்வேர் இந்த விலகலை அளந்து ஒலியை மயிரிழை நீட்டியோ சுருக்கியோ சரிசெய்யும். எனக்கு விற்றது கிராக் காப்பி, அதாவது பூட்டை உடைத்த திருட்டுக் காப்பி. அதற்கான பொத்தானை அழுத்தினாலே மொத்தமும் மூடிக்கொண்டது.

அவனுக்கு மெசேஜ் போட்டேன். “நாளைக்குப் பாக்கிறேண்ணே.” மறுநாள் என்னை பிளாக் செய்திருந்தான். அதே நாள் சாஃப்ட்வேர் திறக்கும்போதே சீரியல் நம்பர் கேட்டது. அந்த வாரமே என் ஜிமெயிலுக்குள் யாரோ வேறிடத்திலிருந்து நுழையப் பார்த்ததாக எச்சரிக்கை. எல்லா பாஸ்வேர்டையும் மாற்றி, கம்ப்யூட்டரை முழுதாக அழித்து மறுபடி ஏற்றினேன். கல்யாணப் பதிவு தனி டிஸ்க்கில் இருந்ததால் தப்பியது.

இதற்கு நடுவில் பொண்ணோட அம்மா போன். “தம்பி, பெரியம்மா ஈப்போவுக்குத் திரும்பிப் போறாங்க, அதுக்குள்ள ஒரு தடவ பாத்துடணும்னு ஆசைப்படுறாங்க.” கோபமாகப் பேசியிருந்தால்கூடத் தேவலை. பெரியம்மா பார்க்காமலே ஊருக்குப் போனார்.

போலீஸ் ரிப்போட் செய்தேன். அங்கே போன பிறகுதான் போலீஸின் செமாக் மியூல் தளத்தில் அந்த வங்கிக் கணக்கு எண்ணைப் போட்டுப் பார்த்தேன். அதன்மேல் ஏற்கெனவே புகார்கள் இருந்தன. பணம் போடுமுன் பார்த்திருந்தால் இரண்டு நிமிட வேலை. ஏமாந்தது உடனே தெரிந்தால் மோசடிப் புகாருக்கான 997க்கு அடியுங்கள், பணம் கைமாறுவதற்குள் கணக்கை முடக்க வாய்ப்பு உண்டு. நான் போனது ஐந்து வாரம் கழித்து. அதற்குள் என்ன மிச்சமிருக்கும்!

வயிற்றெரிச்சல் என்னவென்றால், இதற்குக் காசே கொடுக்க வேண்டியதில்லை. டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பிலேயே கிளிப்புகளைத் தேர்ந்தெடுத்து ரைட் கிளிக் செய்தால் அலைவடிவத்தை வைத்துப் பொருத்தும் வசதி இருக்கிறது. பிரீமியர், ஃபைனல் கட் வைத்திருப்பவர்களுக்கும் உள்ளேயே இருக்கிறது. நீளமான பதிவென்றால் ரெக்கார்டர் ஒலியைக் கால் மணிக்கு ஒரு முறை வெட்டி, தனித்தனியாகப் பொருத்துகிறேன். நாதஸ்வரம் பக்கத்தில் கேமராவின் சத்தம் பிளந்துபோகும், அலைவடிவமே ஒரு செங்கல் மாதிரி இருக்கும். எந்த சாஃப்ட்வேரும் அதில் தடுமாறும். அதனால் கேமராவின் ஒலி அளவை முன்கூட்டியே குறைத்துவிட்டு, மூன்று கேமராவுக்கும் தெரிகிற மாதிரி நின்று, பொருத்துவதற்கு அடையாளமாக ஓங்கி ஒரு தடவை கைதட்டுகிறேன். போன வாரம் குருக்கள் திரும்பி ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

நேற்று அதே விளம்பரம் வேறொரு பெயரில் வந்தது. அதே எழுத்துப்பிழை, அதே ‘அப்டேட் இலவசம்’. விலை மட்டும் 199.