லொகேஷனோடு படம் எடுத்த மூன்று வருடம்

ஓடைக்கரை அரிப்பையும் குப்பை சேரும் இடங்களையும் போனில் படமெடுத்துப் பதிவு செய்யும் தன்னார்வலர் குழுவில் மூன்று வருடமாக இருக்கிறேன். மொத்தம் பதினோரு இடம், மாதம் ஒரு தடவை. சேர்ந்த புதிதில், படத்துக்குள் ஜிபிஎஸ் இருந்தால் போதும், மீதி வேலையை வரைபடம் பார்த்துக்கொள்ளும் என்றுதான் நினைத்தேன். அது தப்புக்கணக்கு.

படத்தில் ஏறுவது நாம் நின்ற இடம், நாம் எடுத்த பொருள் இருக்கும் இடம் இல்லை. எதிர்க்கரைக் குப்பையை ஜூம் செய்து எடுத்தால் வரைபடத்தில் அது இந்தக் கரையில் கிடக்கும். எக்ஸிஃப் என்று படக் கோப்புக்குள்ளேயே பதிவாகும் தகவலில் கேமரா பார்த்த திசையையும் சேமிக்கலாம், ஆனால் எல்லா போனும் அதை எழுதுவதில்லை, எழுதினாலும் இரும்புப் பாலத்தின் பக்கத்தில் திசைகாட்டி குழம்பிவிடும். அப்புறம் அட்சரேகை, தீர்க்கரேகை எண்ணில் புள்ளிக்குப் பின்னால் வரும் இந்த ஆறு தசம இடம். கணக்குப்படி அது 11 சென்டிமீட்டர் வரை பிரித்துச் சொல்லும் எண், ஆனால் திறந்த வெளியிலேயே போன் ஜிபிஎஸ் ஏறக்குறைய 5 மீட்டர் தள்ளாடும், மரத்தடியில் இன்னும் மோசம். கரை அரை மீட்டர் அரித்துப் போனதை இதை வைத்து எப்படிக் கண்டுபிடிப்பது?

அதனால் இப்போதெல்லாம் போன மாதப் படத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, அதே கல்லில் நின்று, அதே பாறை படத்தின் இடது ஓரத்தில் வரும்படி எடுக்கிறோம். 2017இல் சிட்னி கடற்கரைகளில் தொடங்கிய, கரை மாறுவதைப் பொதுமக்களே படமெடுக்கும் கோஸ்ட்ஸ்னாப் திட்டத்தில் இதற்கென்றே போனை வைக்கும் நிலையான தாங்கியை நட்டுவிட்டார்கள், நமக்குக் கல்தான். இது எவ்வளவு உதவியது என்றால், போன் மாற்றியபோது புதியதில் லொகேஷன் அணைந்திருந்ததைப் பார்க்காமல் இரண்டு மாதம் எடுத்துத் தள்ளியிருந்தேன், சட்டகம் ஒன்றாக இருந்ததால் எந்தப் படம் எந்த இடம் என்று உட்கார்ந்து பிரிக்க முடிந்தது.

மொபைல் சிக்னல் இல்லாத இடத்தில் போனை எடுத்ததுமே படம் எடுக்காதீர்கள், பழைய இடம் பதிவாகலாம். இடத்தைக் கணக்கிடத் தேவையான சுற்றுப்பாதை விவரத்தை ஜிபிஎஸ் செயற்கைக்கோளே 30 நொடிக்கு ஒரு முறைதான் முழுதாக அனுப்பி முடிக்கும், அதுவரை வரைபடத்தைத் திறந்து வைத்துக் காத்திருங்கள். அரட்டைக் குழுவில் சாதாரணப் படமாகப் போட்டால் பெரும்பாலும் லொகேஷன் போய்விடும், ஃபைலாக அனுப்ப வேண்டும். ஒரு வருடப் படங்களை இப்படித்தான் வீணாக்கினோம், தவறு எங்களுடையதுதான்.

இன்னொன்று, சோதனைக்காக வீட்டு மாடியிலிருந்து எடுத்த படத்தையும் சேர்த்து வரைபடத்தில் ஏற்றிவிடாதீர்கள், வீடு இருக்கும் இடம் தெரிந்துவிடும் (நான் ஏற்றினேன்). பறவைக்கூடு கண்ணில் பட்டால் துல்லியமான இடத்தைப் பொதுவில் போடவே வேண்டாம். உயிரினங்களைப் பார்த்த இடத்தைப் பதிவு செய்யும் ஐநேச்சுரலிஸ்ட் மாதிரித் தளமே அழியும் நிலையில் உள்ள இனங்களின் இடத்தை 0.2 பாகை அகலக் கட்டத்துக்குள் மங்கலாக்கித்தான் காட்டுகிறது.

ஜிபிஎஸ்ஸை ஒரேயடியாகக் குறை சொல்லவும் முடியாது. போன மழையில் ஏழாவது இடத்துக் கல்லே ஓடைக்குள் போய்விட்டது. பழைய படங்களின் ஜிபிஎஸ் ஆயத்தொலைவை வைத்துத்தான் இடத்தைக் கண்டுபிடித்தோம், நிற்கத்தான் கரை இல்லை. பின்னாலிருந்த மரத்தில் பெயின்ட் கோடு போட்டு அங்கிருந்து மறுபடி படமெடுக்க ஆரம்பித்திருக்கிறோம்.