வாவிக்கரைக்குச் சுவரா, சதுப்பா?

மட்டக்களப்பில் வாழைச்சேனைக் காகித ஆலை மாதிரிப் பல வருசம் ஓய்ந்து கிடந்த ஒரு தொழிற்சாலையின் வாவிக்கரையை ஊர்ச்சனத்திடம் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று பேச்செடுத்தாலே, "கல்லுக் கட்டி, நடைபாதை போட்டு, லைற் பூட்டுங்கோ" என்றுதான் முதலில் சொல்வார்கள். அதை முழுசாகச் செய்து பார்த்த ஊர் அகமதாபாத். நேரெதிராகச் செய்தது சாங்காய். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நமக்கு எது சரிவரும் என்பது எனக்குத் தெளிவாகவே தெரிகிறது.

சபர்மதி ஆற்றில் 2005 இல் வேலை தொடங்கினார்கள். இரண்டு கரையிலும் சுமார் 11 கிலோமீற்றருக்கு கொங்கிரீட் சுவர், அந்த நீளம் முழுக்க ஆற்றுக்கு ஒரே அகலம். நகரத்துக்கு 200 ஹெக்டேயர் அளவில் நிலம் கிடைத்தது, பின்னேரம் காற்று வாங்க நல்ல இடமும் கிடைத்தது, அதை மறுக்க ஏலாது. ஆனால் அங்கே தேங்கி நிற்கிற தண்ணீர் நர்மதைக் கால்வாயிலிருந்து வருவது, கரையில் குடியிருந்த பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களை வேறிடத்துக்கு அனுப்பினார்கள். இது எனக்குப் பெரிய விலையாகப் படுகிறது.

சாங்காயின் ஹௌதான் பூங்கா 2010 இல் திறந்தது. பழைய உருக்காலையும் கப்பல் கட்டும் தளமும் இருந்த 14 ஹெக்டேயர் ஒடுங்கிய நிலம். நிலவடிவமைப்பாளர் கொங்ஜியான் யூவின் குழு அங்கிருந்த கொங்கிரீட் வெள்ளச்சுவரை எடுத்துவிட்டுக் கற்களைக் கொட்டி, இடுக்குகளில் செடி வளர விட்டது. ஹுவாங்பு ஆற்றின் அழுக்குத் தண்ணீர் உள்ளே 1.7 கிலோமீற்றர் நீளச் சதுப்பில், படிப்படியான பாத்திகளும் நாணல்களும் தாண்டி மெல்ல நகர்கிறது; ஒரு நாளைக்கு 2,400 கனமீற்றர் இப்படித் தெளிகிறது. பழைய ஆலைக் கட்டடத்தின் இரும்புச் சட்டத்தையும் இடிக்காமல் வைத்திருக்கிறார்கள்.

இப்போ நம்ம மட்டக்களப்புப் பக்கம் வாருங்கள். நமக்கு வெள்ளம் வாவியிலிருந்து மட்டும் வருவதில்லை, 2011 ஜனவரியில் மேற்கே வயல் பக்கத்திலிருந்து வந்த தண்ணீரைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். மாரியில், வாவி கடலோடு சேருகிற முகத்துவாரத்தின் மணல்திட்டை வெட்டிவிடும்வரை தண்ணீர் பரவ இடம் வேண்டும். கரையில் சுவர் நின்றால் ஊருக்குள் பெய்த மழை வாவிக்குள் இறங்க வழியில்லாமல் சுவருக்குப் பின்னால் தேங்கும். அப்புறம், இடுப்பளவு தண்ணீரில் நின்று வீச்சுவலை எறிகிறவர் எந்த இடத்தால் இறங்குவார்? தோணியை எங்கே இழுத்து வைப்பார்? கண்டல் வேர்களுக்கு இடையில் விரல்நுனி அளவு இறால் குஞ்சுகள் ஒதுங்குகிற சேற்று ஓரம்தான் அவருடைய அடுத்த வருசத்து உழைப்பு, அதைச் சீமெந்தால் மூடிவிட்டு நடைபாதையில் வாங்கு போட்டு என்ன பயன்?

ஆகவே என் கை சதுப்புக் கரைக்குத்தான். ஆனால் ஹௌதானை அப்படியே பெயர்த்து வைக்க முடியாது. அது நன்னீர், நமது உவர்நீர். உப்பு ஏறாத மேல்பாத்திகளில் பன்புல் வளர்க்கலாம், பாய் இழைக்கிற பெண்களுக்கு அது தொழிலும் ஆகும். கீழே கண்டலும் தில்லை மரமும். அதிலும் கவனம் வேண்டும்: சுனாமிக்குப் பிறகு இலங்கையில் 1,000 ஹெக்டேயருக்கு மேல் கண்டல் நட்டதில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான் தப்பியது. தண்ணீர் ஆழம் பார்க்காமல் நட்டது ஒரு காரணம், மாடு மேய்ந்தது இன்னொன்று. நட்ட அன்று படம் எடுத்துப் போகிற திட்டம் நமக்கு வேண்டாம், நாலைந்து வருசம் வேலி பார்க்க ஊர் ஆட்களுக்குச் சம்பளம் கொடுக்கிற திட்டம் வேண்டும்.

மட்டக்களப்பு நகரின் புளியந்தீவில் ரோட்டும் கட்டடங்களும் தண்ணீரை ஒட்டியே நிற்கிற துண்டுகளில் சுவர் இருக்கட்டும், அங்கே சரிவு வைக்க இடமே இல்லை. ஆலைக்கரை போன்ற அகலமான இடங்களில், வைக்கோலைக் கூழாக்கிய ரசாயனம் மண்ணில் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று முதலில் சோதிக்க வேண்டும். அந்த முடிவு வந்த பிறகு, வரைபடம் போடுவதற்கு முன்னாலேயே, மீன்பிடிச் சங்கத்தைக் கூப்பிட்டு இறங்குதுறைகளை அவர்களையே குறிக்கச் சொல்ல வேண்டும்.