ஆயில் மாற்றும்போது ‘இன்ஜின் ஃப்ளஷ்’ போடலாமா என்று கேட்டால் உஷாராக இருங்கள்

டீசல் வண்டி, அதிலும் நன்றாக ஓடிய பழைய வண்டி வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிடுங்கள். வழக்கமான ஆயில் சேஞ்சுக்கு விட்ட என் காரில் டர்போ (இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் விசிறி) போய்விட்டது. இன்ஜின் உள்பக்கத்தைக் கழுவ என்று பழைய ஆயிலில் ஊற்றிய ஒரு டப்பா ஃப்ளஷ்ஷும் அதைப் போட்ட லட்சணமும்தான் காரணம்.

ஒர்க்‌ஷாப்பில் டிப்ஸ்டிக்கை உருவி ஒரு வெள்ளைத் தாளில் துடைத்துக் காட்டினார்கள். “பாருங்க சார், தார் மாதிரி இருக்கு. உள்ள பூரா கரி. ஃப்ளஷ் போடாம புது ஆயில் ஊத்துனா அது வேஸ்ட்.” எல்லாரையும் மடக்குவது இந்தத் தாள்தான். டீசல் இன்ஜினில் புது ஆயில் கூடச் சீக்கிரமே கறுத்துவிடும். எரியும்போது உண்டாகும் கரித்துகளை ஒன்றோடொன்று ஒட்டவிடாமல் பொடியாகவே மிதக்க வைக்கும் மருந்து ஆயிலிலேயே கலந்திருக்கிறது. ஆயில் கறுத்தால் அது தன் வேலையைச் செய்கிறது என்று அர்த்தம். உள்ளே உண்மையிலேயே கசடு படிந்திருக்கிறதா என்று பார்க்க, ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். அதை அவர்கள் செய்யவில்லை.

டப்பாவை ஊற்றிவிட்டு, “இன்னைக்கு இப்படியே ஓட்டுங்க, நாளைக்கு வாங்க, ஆயில இறக்கிடலாம். நல்லா கழுவிடும்” என்றார்கள். பிற்பாடு அதே டப்பாவை வாங்கி லேபிளைப் படித்தேன். ஐடிலிங்கில், அதாவது வண்டி நகராமல் இன்ஜின் மட்டும் ஓடும்படி, 10 முதல் 15 நிமிடம் மட்டும் விட வேண்டும், வண்டியை ஓட்டவே கூடாது, சூடாக இருக்கும்போதே ஆயிலை வடித்துவிட வேண்டும் என்று அதில் தெளிவாகப் போட்டிருக்கிறது.

ஃப்ளஷ் என்பது பெரும்பாலும் மண்ணெண்ணெய் இனத்தைச் சேர்ந்த ஒரு கரைப்பான். ஆயிலோடு கலந்ததும் அதை நீர்க்கச் செய்துவிடும். ஐடிலிங்கில் ஓடும் இன்ஜினுக்கு அது தாங்கும். மேட்டில் இழுக்கும் இன்ஜினின் பேரிங்குகளுக்குத் தாங்காது. இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. பழைய கசடு முழுவதும் கரைந்து போகாது, செதில் செதிலாகப் பெயர்ந்து, இன்ஜினுக்கு அடியில் ஆயில் தங்கும் தொட்டியான சம்ப்பில் விழும். ஆயில் பம்ப் உறிஞ்சும் வாயில் ஒரு ஸ்ட்ரெய்னர் வலை இருக்கிறது. ஆயில் ஃபில்டர் பம்புக்கு அப்புறம்தான் வருகிறது, அதனால் அந்த வலையை எந்த ஃபில்டரும் காப்பாற்றாது.

மறுநாள் ஏற்றத்தில் போகும்போது ஆயில் லைட் எரிந்தது. உடனே ஓரங்கட்டி இன்ஜினை அணைத்தேன். வேறொரு மெக்கானிக் சம்ப்பைக் கழற்றிக் காட்டினார். வலையின் முக்கால்வாசியைக் கறுப்புச் செதில்கள் மூடியிருந்தன. ஒன்றை எடுத்து விரலில் தேய்த்தேன். கரையவில்லை, மணல் போட்ட மாதிரி நறநறவென்றது. டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழல்வது. மெல்லிய ஆயில் படலம்தான் அதற்குத் தாங்கல். வலை அடைத்து ஆயில் குறைந்ததும் முதலில் அடிபட்டது டர்போதான். தண்டை விரலால் அசைத்தாலே ஆடியது, விசிறியின் இதழ்கள் கூட்டில் உரசியிருந்தன.

பில்லில் இன்னொன்றும் இருந்தது: டீசல் டேங்கில் ஊற்றிய கிளீனர். இன்ஜெக்டர் (டீசலைப் பீய்ச்சும் முனை), இஜிஆர் (புகையில் ஒரு பகுதியை மறுபடி இன்ஜினுக்குள் விடும் வால்வு), இன்டேக் மேனிஃபோல்டு (காற்று உள்ளே போகும் குழாய்) எல்லாம் சுத்தமாகிவிடும் என்று சொல்லி விற்றார்கள். டீசல் நேராக சிலிண்டருக்குள் பீய்ச்சப்படுகிறது; இன்டேக் பக்கம் அது போவதே இல்லை. போகாத இடத்தை எப்படிச் சுத்தம் செய்யும்? இன்ஜெக்டர் முனையில் படியும் கரிக்கு நல்ல டிடர்ஜென்ட் கிளீனர் உதவும், அதை மறுக்கவில்லை. ஆனால் வீட்டு வைத்தியமாக மண்ணெண்ணெய், பெட்ரோல் என்று டேங்கில் கலக்கச் சொல்கிறவர்களை நம்பாதீர்கள். இப்போதைய டீசல் வண்டிகளில் இன்ஜெக்டர்களுக்கு டீசலை அழுத்தி அனுப்பும் காமன் ரெயில் பம்ப் மிக அதிக அழுத்தத்தில், பல வண்டிகளில் 1,600 பார் அளவுக்கும் அதற்கு மேலும், வேலை செய்கிறது. பெரும்பாலான வண்டிகளில் அதற்கு மசகு, உள்ளே ஓடும் டீசல்தான். மசகு குறைந்தால் பம்ப் தேய்ந்து, உலோகத் தூள் இன்ஜெக்டர் வரை போய்விடும்.

கசடு இருப்பது தெரிந்தால் சம்ப்பைக் கழற்றி வலையைக் கையால் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். அப்புறம் கையேட்டில் சொன்ன தரத்தில் ஆயில் ஊற்றி, முதல் இரண்டு மூன்று தடவை வழக்கத்தைவிடச் சீக்கிரமாக ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றுங்கள். நல்ல ஆயிலில் இருக்கும் டிடர்ஜென்டே மீதியை மெதுவாக எடுத்துவிடும். ஏற்கனவே ஃப்ளஷ் ஊற்றி அனுப்பியிருந்தால் வண்டியை எடுக்காதீர்கள், நின்ற இடத்திலேயே ஆயிலை வடிக்கச் சொல்லுங்கள்.

ஒர்க்‌ஷாப்காரர்கள் ஃப்ளஷ்ஷின் விலையை மட்டும் திருப்பித் தருவதாகச் சொல்கிறார்கள், டர்போ “வயசாகிப் போச்சு” என்கிறார்கள். அந்தப் பணத்தை நான் வாங்கவில்லை. வலையின் படம், லேபிளின் படம், பில் மூன்றையும் இணைத்து எழுத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். கழற்றிய டர்போவையும் அந்தச் செதில்களையும் நானே பத்திரமாக வைத்திருக்கிறேன்.