சோமாலிலாந்தும் தெற்கு சூடானும்: இரண்டில் எது நாடு?

நாடு என்றால் நான்கு விஷயம் வேண்டும் என்கிறது 1933-இன் மான்டிவிடியோ உடன்படிக்கை: நிலையாக வாழும் மக்கள், வரையறுத்த நிலம், ஓர் அரசு, பிற நாடுகளோடு உறவு வைத்துக்கொள்ளும் திறன். இதை இரண்டு ஆப்பிரிக்க நிலங்களுக்குப் பொருத்திப் பார்க்கலாம்.

சோமாலிலாந்தின் தலைநகர் ஹர்கெய்சாவின் நடுவே ஒரு மிக் போர் விமானம் பீடத்தின் மேல் நிற்கிறது. 1988-இல் சோமாலியாவை ஆண்ட சியாட் பாரேயின் படை, அந்த ஊர் விமான நிலையத்திலிருந்தே விமானங்களைக் கிளப்பி அந்த ஊர் மீதே குண்டு போட்டது. 1991 மே 18-இல் சோமாலிலாந்து மக்கள் சோமாலியாவை விட்டுத் தனியே போவதாக அறிவித்ததற்குப் பின்னால் இந்தக் காயம் இருக்கிறது.

அவர்கள் இதைப் பிரிவினை என்று சொல்வதில்லை. பிரிட்டனிடமிருந்து 1960 ஜூன் 26-இல் விடுதலை பெற்று, ஐந்தே நாளில் இத்தாலி ஆண்ட சோமாலியாவோடு தாங்களாகச் சேர்ந்தவர்கள். அந்த விடுதலையைத்தான் திரும்பக் கேட்கிறார்கள். இவர்கள் கேட்பது பழைய பிரிட்டிஷ் காலனியின் எல்லையைத்தான் என்பதால், காலனிய எல்லைகளை மாற்றக்கூடாது என்ற ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்பின் 1964 தீர்மானம்கூட இவர்கள் பக்கம்தான் பேசுகிறது என்பேன்.

சொந்தப் பணம், படை, பாஸ்போர்ட் எல்லாம் உண்டு. 2003 அதிபர் தேர்தலில் ஆணையம் அறிவித்த வித்தியாசம் வெறும் 80 வாக்கு. தோற்ற சிலான்யோ துப்பாக்கி தூக்கவில்லை, நீதிமன்றம் போனார். 2010-இல் அவரே வென்று அதிபரானார். கிழக்கே லாஸ் அனோட் நகரம் 2023-இல் கைவிட்டுப் போனது மட்டும் பெரிய ஓட்டை.

சரி, தெற்கு சூடான்? 2011 ஜூலை 9-இல் சூடானிடமிருந்து விடுதலை, 14-ஆம் தேதி ஐ.நா.வின் 193-ஆவது உறுப்பினர். இரு நாடுகளும் உரிமை கோரும் எல்லைப் பகுதியான அபியே யாருக்கு என்பது அன்றும் முடிவாகவில்லை. 2013 டிசம்பரில் உள்நாட்டுப் போர். விடுதலைக்குப் பின் பொதுத் தேர்தலே நடந்ததில்லை.

அப்புறம் எப்படி ஐந்தே நாளில் ஐ.நா. கதவு திறந்தது? 2005 அமைதி ஒப்பந்தத்தில் தெற்கு பிரிவதா என்ற வாக்கெடுப்புக்குச் சூடான் அரசு சம்மதித்தது. ஏறத்தாழ 99 சதவீதம் பேர் பிரியச் சொன்னார்கள். முதலில் அங்கீகரித்ததும் சூடானேதான். மொகடிஷுவிலுள்ள சோமாலிய அரசு அப்படி ஒரு கையெழுத்தை இன்றுவரை போடவில்லை.

பல்லாண்டு போரில் நொந்த தெற்கு சூடான் மக்களுக்கு அந்த அங்கீகாரம் கிடைத்ததில் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் உடன்படிக்கை சொல்லும் நான்கையும் விட, விட்டுப் பிரியும் நாட்டின் சம்மதம்தான் எடை போடப்படுகிறது. சோமாலிலாந்தால் உலக வங்கியில் நேரடியாகக் கடன் கேட்க முடியாது; அதன் பாஸ்போர்ட்டை ஏற்கும் நாடுகளும் சில மட்டுமே. ஐ.நா. உறுப்பு நாடுகளில் முதலாவதாக இஸ்ரேல் அதை அங்கீகரித்தது 2025 டிசம்பரில், 34 ஆண்டுகள் கழித்து.